காடாய்க் கிடந்த கொல்லைப்புறத் தோட்டம்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

எங்கள் பள்ளிச் சமையற்கட்டுக்குப் பின்னால், கிணற்றடியில் தொடங்கி மதிற்சுவர் வரை, ஏறக்குறைய நான்கு சென்ட் நிலம் கிடக்கிறது. கீழ்வகுப்புத் தங்கைமார் பலர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். சென்ற ஆண்டு வரை அங்கே கால் வைக்க வழியில்லை. நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அது அழகான பூந்தோட்டம். கன்னியர் இல்லத்து மூத்த சகோதரி ஒருவர் அதைப் பேணி வந்தார்கள். அவர்களை எல்லாரும் ‘பூ சிஸ்டர்’ என்போம். விரைவாகச் சொன்னால் ‘பூச்சி’ என்று காதில் விழும். அதைக் கேட்டு அவர்களே முதலில் சிரிப்பார்கள். கோயில் பீடத்துக்கு வேண்டிய பூ அனைத்தும் அந்தத் தோட்டத்திலிருந்தே போயிற்று. முழங்கால் வலி மிகுந்து, முதிய சகோதரிகள் தங்கும் இல்லத்துக்கு அவர்கள் போன பிறகு, இரண்டு மழைக்காலம் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒரு தோட்டம் காடாவதற்கு இரண்டு மழை போதும் போலிருக்கிறது.

சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒரு செய்தி கேட்டோம். அந்த இடத்தை இயந்திரம் விட்டுச் சமன் செய்து, சிமென்ட் கல் பதித்து, சைக்கிள் நிறுத்துமிடம் ஆக்கப் போகிறார்கள் என்றார்கள். நியாயமான யோசனைதான். சைக்கிள்கள் வெயிலில் காய்கின்றன. புதரில் பாம்பு கண்டதாக ஆயாம்மா சொல்கிறார். கொசுவைப் பற்றிச் சொல்லி முடியாது. ஆயினும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. பதினொரு பேர் சேர்ந்து தலைமைச் சகோதரியிடம் போய் நின்றோம். “பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலையா? பரீட்சைக்கு யார் படிப்பது?” என்று கேட்டார்கள். வாரத்துக்கு இரண்டு மாலை, ஒவ்வொரு மாலையும் ஒரு மணி நேரம் மட்டுமே என்று வாக்குக் கொடுத்தோம். “சரி, கிறிஸ்துமஸ் விடுமுறை வரை தருகிறேன். அதற்குள் பார்க்கிறவர்கள் இதைத் தோட்டம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கல் பதிக்க ஆள் வரும்” என்றார்கள்.

வீட்டுக் கொல்லையில் இப்படி ஒரு காட்டை வைத்துக்கொண்டு, எங்கே தொடங்குவது என்று திகைக்கும் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று எண்ணி, நாங்கள் செய்ததையும் கெடுத்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

கெடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். ஜூலை மாதம் ஒரு மாலை, தூறல் விட்டு மண் நெகிழ்ந்திருந்த நேரத்தில், பதினொரு பேரும் உள்ளே புகுந்து கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்கினோம். மேற்கு மதிலோரம் முழங்கால் உயரத்தில், பூவோ மொட்டோ இல்லாமல், கரும்பச்சை இலையோடு சில செடிகள் நின்றன. அவையும் களை என்றே நினைத்தோம். பாதி வரிசை போன பிறகு ஆயாம்மா ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். “அடி பாவிப் பிள்ளைகளா, அது டிசம்பர் செடியடி! சிஸ்டர் கையால வச்சது!” டிசம்பர் பூ பனிக்காலத்தில்தான் பூக்கும், ஜூலையில் அதை அடையாளம் காண்பது புதியவர்களுக்குக் கடினம். நல்ல வேளையாக அது குச்சியில் வேர் பிடிக்கும் சாதி. பிடுங்கியவற்றின் தண்டை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ் இலைகளை உருவி, கிணற்றடி நிழலில் ஈர மண்ணில் நட்டு வைத்தோம். 40 குச்சிகளில் 26 பிழைத்தன.

அன்றைக்குப் பிறகு பெயர் தெரியாத எதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தோம். வாயிற்காவல் தாத்தா இளமையில் நிலக்கோட்டைப் பக்கம் பூத்தோட்டத்தில் வேலை செய்தவர். அவரைக் கூட்டி வந்து செடி செடியாகக் காட்டிக் கேட்டோம். வைத்துக்கொள்ள வேண்டியதற்கு வெள்ளைத் துணிக் கிழிசல், எடுத்துவிட வேண்டியதற்குச் சிவப்புக் கிழிசல் கட்டினோம். புவியியல் நோட்டின் பின்பக்கத்தில் தோட்டத்துக்கு ஒரு வரைபடமும் போட்டோம். அப்போதுதான் அந்தக் காட்டுக்குள் எவ்வளவு செல்வம் புதைந்து கிடந்தது என்று தெரிந்தது. கோவைக்கொடி போர்த்திய மேட்டுக்கு அடியில் ஆறு மல்லிகைப் புதர்கள். மதில்மேல் படர்ந்த இரண்டு முல்லை. உயரே போய்விட்ட செம்பருத்தி மூன்று, நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி இரண்டு. கிணற்றுக்குப் பக்கத்தில் பவழமல்லி. அது யார் பார்க்கிறார்கள் என்று கவலைப்படாமல் இரவெல்லாம் பூத்து, விடியுமுன் புல்லின்மேல் கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

பாம்பைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுவார்கள். எங்கள் அறிவியல் ஆசிரியை கூடவே நின்றார்கள். தாத்தா முன்னே நீண்ட கழியால் தட்டிக்கொண்டு போவார். நடுவில் புகாமல் ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே உள்ளே போக வேண்டும். அப்போதுதான் பாம்புக்கு ஓட வழி இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடக் கூடாது. செங்கல், ஓடு, காய்ந்த மட்டை இவற்றைக் கழியால் புரட்டிய பிறகே எடுக்க வேண்டும். இரண்டாம் வாரம் ஒரு நீளமான சாரைப்பாம்பு மதிலோட்டையில் நுழைந்து போயிற்று. சாரைக்கு நஞ்சில்லை, அது எலி பிடிப்பது என்று ஆசிரியை விளக்கினார்கள். அதைக் கேட்கும்போது எங்களில் ஏழு பேர் கிணற்றுச் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தோம்.

களைகளில் எங்களை மிகவும் அழவைத்தது கோரை. மண்வெட்டியால் செதுக்கித் தள்ளிவிட்டு மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் முன்னிலும் அடர்த்தியாக நின்றது. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கோரையின் அடியில் சிறு கிழங்குகள், செபமாலை மணிகள் போல, மெல்லிய தண்டுகளால் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. மேலே வெட்டினாலும், இழுத்து அறுத்தாலும், தூங்கிக்கொண்டிருந்த மற்றக் கிழங்குகள் விழித்து முளைக்கின்றன. ஆகவே செதுக்குவதை விட்டுவிட்டுக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் மண்ணைப் புரட்டி, கையால் உதிர்த்து, கிழங்குகளைப் பொறுக்கினோம். பொறுக்கியதை ஓர் ஓரத்தில் குவித்தால் பயனில்லை. சிமென்ட் தளத்தில் பரப்பி நன்றாக வெயில் காட்ட வேண்டும். உலர்ந்தால் கிழங்கு செத்துவிடும். தப்பியவற்றுக்கு நிழல்தான் மருந்து. கோரைக்கு நிழல் ஆகாது. செடி வளர்ந்து மண்ணை மூடும் வரை காய்ந்த இலைகளைக் கனமாகப் பரப்பி வைத்தோம். இன்னமும் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கின்றன. வாசனை உள்ள அந்தக் கிழங்கை உலர்த்திக் குளியல் பொடியில் சேர்ப்பார்கள் என்று ஆயாம்மா ஒரு முறம் நிறைய அள்ளிக்கொண்டு போனார்.

அடுத்தது பார்த்தீனியம். கொத்துமல்லி போன்ற இலையும், சிறு வெள்ளைப் பூவும் கொண்ட இந்தச் செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. 1950களில் புனேப் பக்கம் முதலில் கவனிக்கப்பட்டு, பிறகு நாடெங்கும் பரவியது. ஒரே செடி பல்லாயிரம் விதை தரும். சிலருக்கு இது பட்டால் தோல் தடித்து அரிக்கும்; பூந்துகள் மூச்சுக்கும் ஆகாது. கையுறை இல்லாமல் பிடுங்கிய எங்கள் தோழி ஒருத்திக்கு இரண்டு முழங்கையும் சிவந்து, ஒரு வாரம் மருந்து பூச வேண்டியதாயிற்று. மண் ஈரமாய் இருக்கும்போது, பூக்குமுன், கையுறையோ பழைய துணியோ சுற்றிக்கொண்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்துவிட்டதை உரக்குழியில் போடக் கூடாது; விதை உரத்தோடு தோட்டத்துக்கே திரும்பி வந்துவிடும்.

தெற்கு மதிலோரம் முழுவதும் உன்னிச்செடி. இதுவும் அழகுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று காடுகளையே நெருக்கிக்கொண்டிருக்கும் செடி. இதை எடுப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் சண்டையே வந்தது. அதில் பட்டாம்பூச்சிகள் மொய்த்தன. கடைசியில் அடிக்கட்டையோடு தோண்டி எடுத்துவிட்டோம். வெட்டி மட்டும் விட்டால் கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும். பட்டாம்பூச்சிகளுக்காக அவ்விடத்தில் இட்லிப்பூச் செடிகள் ஐந்து நட்டோம். மூலையில் நின்ற ஓர் எருக்கஞ்செடியையும் விட்டு வைத்தோம். வரிப்புலி போன்ற ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்று அதன் இலையில்தான் முட்டையிடும். அதன் புழுவுக்கு எருக்கு இலையே உணவு.

அரளியைப் பற்றித் தனியே ஓர் எச்சரிக்கை. அதன் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. வெட்டிய கிளையை ஆடு மாடு எட்டும் இடத்தில் போடக் கூடாது. எரிக்கவும் கூடாது, புகையும் கெடுதல். வெட்டியவுடன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தம்பி தங்கைகள் விளையாடும் வீடாக இருந்தால் அந்தச் செடி வேண்டுமா என்று பெற்றோர் யோசிப்பது நல்லது. நாங்கள் மூன்றடிக்குக் குறைத்து, மதில் மூலையோடு நிறுத்திவிட்டோம்.

இனி, வெட்டும் கலை. இதில்தான் எங்கள் கை நடுங்கியது. காலாண்டு விடுமுறையில் பூ சிஸ்டரைப் பார்க்கப் போனோம். டிசம்பர் செடி போன கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், “நானும் முதல் வருஷம் கனகாம்பர நாற்றைப் பிடுங்கிப் போட்டவள்தானே” என்றார்கள். பிறகு படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, “மல்லிகையை நவம்பர் கடைசி வாரத்தில் வெட்டுங்கள். முழங்காலுக்கு மேல் விடாதீர்கள். பாவம் பார்த்தால் பூ கிடையாது” என்று விரலை ஆட்டிச் சொன்னார்கள்.

அதன் காரணத்தை நாங்கள் அறிவியல் பாடத்தில் கண்டுகொண்டோம். மல்லிகை புதிதாக விடும் தளிரில்தான் பூக்கும். பழைய கிளை எவ்வளவு நீண்டாலும் இலையைத்தான் கூட்டும். மேலும், கிளையின் நுனியில் இருக்கும் மொட்டு ஆக்சின் என்னும் பொருளை உண்டாக்கிக் கீழே அனுப்புகிறது. அது இருக்கும் வரை பக்க மொட்டுகள் வளராமல் அடங்கிக் கிடக்கும். இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். 1928இல் வெண்ட் என்னும் அறிஞர் ஓட்ஸ் நாற்றின் நுனியை வெட்டிச் செய்து காட்டிய சோதனையை நாங்கள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்திருக்கிறோம். நுனியை வெட்டினால் பக்க மொட்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும் என்பது கத்தரியும் கையுமாக நின்றபோதுதான் புத்தியில் ஏறியது.

வெட்டும் முறை இதுதான். காய்ந்த கிளை, நோய் கண்ட கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை ஆகியவற்றை முதலில் அடியோடு எடுக்க வேண்டும். மீதியைத் தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்துக்குக் குறைக்க வேண்டும். வெட்டு, வெளிப்புறம் நோக்கிய ஒரு மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக இருக்க வேண்டும். கத்தரி கூராக இல்லாவிட்டால் தண்டு நசுங்கி அழுகும். பிறகு செடியைச் சுற்றிக் கொத்தி, ஒவ்வொன்றுக்கும் 10 கிலோ மக்கிய சாணி எரு இட்டோம். முல்லைக்கு இதே வேலை ஜனவரி கடைசி வாரத்தில், 45 செ.மீ. உயரத்தில். இரண்டையும் ஒரே நாளில் வெட்டி முடித்துவிடலாமே என்று எங்களுக்கும் சோம்பல் எழுந்தது, தாத்தா விடவில்லை.

மற்றவை எளிது. செம்பருத்தியில் வெள்ளை மாவுப்பூச்சி அப்பியிருந்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் சிறிது வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தோம். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பை உண்ண எறும்புகள் வரும். அவையே அதைக் காவல் காக்கும். எனவே எறும்பு வரிசை ஏறுவதைக் கண்டால் மேலே பூச்சி இருக்கிறது என்று பொருள். ரோஜாவுக்குத்தான் நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒட்டுப் போட்ட இடத்துக்குக் கீழிருந்து முளைத்த காட்டுக் குச்சிகள் தடித்து வளர்ந்து, மேலே இருந்த நல்ல ரோஜாவைக் கொன்றிருந்தன. அப்படிக் கீழிருந்து வருவதை முளைக்கும்போதே கிள்ளிவிட வேண்டும்.

வெட்டிய குப்பை மலையாகக் குவிந்தது. மூன்றடிக் குழியில் பச்சை இலை ஓர் அடுக்கு, காய்ந்த இலை ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றிப் போட்டுச் சாணிக் கரைசல் தெளித்தோம். சில நாளில் கையை வைத்தால் உள்ளே சூடு தெரிந்தது. அரளி மட்டும் அதில் சேரவில்லை.

டிசம்பர் மாதம் வந்தது. அப்போதுதான் எங்களுக்குத் திகில் பிடித்தது. கிறிஸ்துமஸுக்கு முன் தோட்டமாகத் தெரிய வேண்டும் என்பது நிபந்தனை. நாங்களோ நவம்பர் கடைசியில் ஆறு மல்லிகையையும் முழங்கால் உயரக் குச்சியாக வெட்டி நிறுத்தியிருந்தோம். ஜூன் மாதத்திலாவது அங்கே பச்சை இருந்தது. இப்போது மொட்டைத் தரையும் குச்சியும்! தலைமைச் சகோதரி வந்து சுற்றிப் பார்த்தார்கள். எங்கள் உழைப்பைக் காட்ட அன்று பூத்திருந்தவை கனகாம்பரமும், பிழைத்த டிசம்பர் செடிகளும் மட்டுமே. “பூ எங்கேயம்மா?” என்று கேட்டார்கள். யாருக்கும் பேச வரவில்லை. எங்களில் மிகவும் கூச்சமுள்ளவள் கீழே உட்கார்ந்து, ஒரு குச்சியைச் சாய்த்து, அதன் கணுக்களில் விரல் நீளம் எழுந்திருந்த தளிர்களைக் காட்டினாள். நுனி ஆதிக்கத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொல்லி முடித்தாள். பனியில் மல்லிகை குறைவதால்தான் தை மாதம் சந்தையில் கிலோ சில ஆயிரம் ரூபாய்க்குப் போகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். சகோதரி கணக்கு ஆசிரியை. விலையைச் சொன்னதும் புருவம் உயர்ந்தது. “எப்போது பூக்கும்?” “பிப்ரவரி கடைசியில், சிஸ்டர்.” “அப்படியானால் பிப்ரவரி கடைசியில் பார்ப்போம்.”

மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியை நெருக்கிக்கொண்டிருக்கும் இந்த வாரம் அந்தப் பிப்ரவரி கடைசி வாரம். செவ்வாய்க்கிழமை மாலை மூன்று புதர்களில் ஒன்பது மொட்டுகள் எண்ணினோம். அவற்றை ஈரத் துணியில் சுற்றிப் பூ சிஸ்டருக்குக் கொடுத்தனுப்பினார்கள். எங்களைக் கேட்காமலே அனுப்பிவிட்டார்கள் என்பதில் சிலருக்கு வருத்தம். தெற்கு மதிலோரம் உன்னி நின்ற பட்டையில் மட்டும் கல் பதித்துச் சைக்கிள் நிறுத்தப் போகிறார்கள். மீதி நிலம் தோட்டமாகவே இருக்கும். அங்கே நட்ட ஐந்து இட்லிப்பூச் செடிகளையும் மண்ணோடு பெயர்த்துக் கிணற்றடிக்கு மாற்ற வேண்டும்.

அதை நாங்கள் செய்ய இயலாது. பொதுத் தேர்வு வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புத் தங்கைமாரே, கேளுங்கள். பூவாளியும் மண்வெட்டியும் கிணற்றடி அறையில் இருக்கின்றன, கத்தரி ஆயாம்மாவிடம். ஏப்ரல், மே மாதங்களில் காலையிலேயே தண்ணீர் விடுங்கள், இலையில் விடாமல் வேரில் விடுங்கள். முல்லையை ஜனவரியில் வெட்டிவிட்டோம். உரக்குழியை மாதம் ஒருமுறை புரட்ட வேண்டும். கோரைக் கிழங்கு கண்ணில் பட்டால் விடாதீர்கள். வரைபடம் அறிவியல் ஆசிரியையின் மேசையில் இருக்கிறது. ஜூலை மாதம் மேற்கு மதிலோரம் பூவில்லாமல் நிற்கும் கரும்பச்சைச் செடியைப் பிடுங்குமுன் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.